பெலிசாரியஸின் வெள்ளிக் கதவுகள்

பெலிசாரியஸ் என்ற அந்த இரும்புக் கவசக் கப்பலின் பீரங்கிகள், எதிரி என்று ஒருவனையும் இதுவரை பார்த்ததில்லை. ஆனாலும் மால்டா துறைமுகத்தில் அதற்கிருந்த பேரே தனி. காரணம், கேப்டனுக்கு அடுத்த நிலையில் இருந்த கமாண்டர் டிரெசிலியன்.

சண்டை இல்லாத காலத்தில் பதவி உயர்வு வாங்கித் தருவது பீரங்கி அல்ல, பாலிஷ். டிரெசிலியனுக்கு அது நன்றாகத் தெரியும். சொந்தச் சம்பளத்தில் பெயிண்ட் வாங்கினார், தங்க ரேக்கு வாங்கினார். போதாதென்று, அடித்தளத்தில் அறைக்கு அறை இருந்த கனத்த இரும்புக் கதவுகளைக் கழற்றி, அரத்தால் ராவி, செங்கல் பொடியால் தேய்க்க வைத்தார். வருஷக்கணக்கில், சனிக்கிழமை தவறாமல். கதவுகள் வெள்ளித் தாம்பாளமாக மின்னின.

கப்பல் ஒரு பக்கம் கிழிந்தால் கடலை அடுத்த அறைக்குள் விடாமல் தடுப்பதுதான் அவற்றின் வேலை என்பது எல்லோருக்கும் மறந்தே போயிற்று, தலைமை எஞ்சினியர் கில்கிரிஸ்டைத் தவிர.

அட்மிரல் பார்வையிட வரும் நாள். கடைசியாக ஒருமுறை சரிபார்க்க டிரெசிலியன் கீழே இறங்கியபோது, கில்கிரிஸ்ட் ஒரு கதவை மூடித் தாழ்களை இறுக்கிவிட்டு, சீட்டுக்கட்டோடு நின்றிருந்தார்.

"என்னய்யா, காலங்கார்த்தால சூதாட்டமா?"

"இதைக் கொஞ்சம் பாருங்க சார்." கில்கிரிஸ்ட் ஒரு சீட்டை உருவி, கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் வைத்துத் தள்ளினார். சீட்டு மறுபக்கம் போய் விழுந்தது. "ஸ்பேட் ராஜா சார். ராஜாவே கிரீடத்தோட உள்ள போயிட்டாரு. கடல் மட்டும் கதவைத் தட்டிட்டு வாசல்ல நிக்குமா?"

டிரெசிலியனுக்குச் சிரிப்பு வரவில்லை. "மத்த கதவுங்க?"

"எல்லாம் இதே கதிதான். தேய்ச்சே தின்னுட்டோம். நாளைக்குப் பயிற்சி. பக்கத்துல வர்ற ஒவ்வொரு கப்பலுக்கும் தண்ணிக்கடியில இடிக்கிற மூக்கு இருக்கு. எவனாவது சுக்கானைத் தப்பாத் திருப்பினா போதும். அறுநூறு பேர் சார்."

"என்ன செய்யணும்ங்கற?"

"அட்மிரல்கிட்ட சொல்லுங்க. கதவை மாத்தறவரைக்கும் கப்பல் கிளம்பக் கூடாது."

"சொன்னா, எனக்கு வரவேண்டிய கேப்டன் பதவி?"

"அது போயிடும்." கில்கிரிஸ்ட் பூசி மெழுகவில்லை. "ஆனா எஞ்சினியர் பேச்சு மேல்தளத்துல எடுபடாது சார். நீங்கதான் சொல்லணும்."

"சொல்றேன்," என்றார் டிரெசிலியன். அந்த நிமிடம் சொல்வதாகத்தான் இருந்தார்.

அட்மிரல் கார்பெரி வெள்ளைக் கையுறையோடு வந்தார். கதவில் தெரிந்த தன் மீசையைப் பார்த்து நின்றுவிட்டார்.

"அடடே! இதைப் பாத்தே ஷேவ் பண்ணிக்கலாம் போலிருக்கே!"

"சார், இந்தக் கதவுகளைப் பத்தி ஒரு விஷயம்..."

"இருய்யா, முதல்ல நான் சொல்லிடறேன். உங்க கேப்டன் காய்ச்சலோட ஊருக்குப் போறார். அந்த இடம் இனி உனக்கு. நாளைக்குப் பயிற்சியில இந்தக் கப்பலை நீயே கேப்டனா நின்னு நடத்து. ம், என்னமோ சொல்ல வந்தியே?"

கில்கிரிஸ்ட் ஓர் அடி முன்னால் வந்தார். "சார், நான்..."

"யார் இது?"

"எஞ்சினியர் சார்," என்றார் டிரெசிலியன்.

"எண்ணெய் படப்போகுது. தள்ளி நிக்கச் சொல்லு."

டிரெசிலியன் மின்னும் கதவைப் பார்த்தார். அறுநூறு பேர் தலைக்கு மேலே நடக்கும் சத்தம் கேட்டது.

"ஒண்ணுமில்ல சார். பசங்க ரொம்ப உழைச்சிருக்காங்க, அதைத்தான்..."

கில்கிரிஸ்ட் அவரை ஒரு முறை பார்த்தார். அப்புறம் பார்க்கவேயில்லை.

அட்மிரல் தன் உதவியாளரிடம் திரும்பினார். "மத்த கப்பலுக்கெல்லாம் கொடி காட்டிச் செய்தி சொல்லு. ஒவ்வொரு கதவும் இதே மாதிரி மின்னணும். இன்னிக்கே ஆரம்பிக்கட்டும்."

பொழுது சாய்ந்தது. காற்று அடியோடு நின்றிருந்தது. புதிய கேப்டன் மேல்தளத்தில் தனியாக நின்றார். துறைமுகத்தின் அசையாத தண்ணீர்மேல் அந்தச் சத்தம் வந்தது. கர்ர்... கர்ர்... எல்லாக் கப்பல்களின் வயிற்றுக்குள்ளும் அரம் இரும்பைத் தின்றுகொண்டிருந்தது.

"படகு!" என்று கத்தினார். "அட்மிரல் கப்பலுக்கு. சீக்கிரம்!"

படகு வந்து ஏணியடியில் நின்றது. துடுப்புக்காரர்கள் தொப்பியைத் தொட்டு, "கேப்டன்!" என்றார்கள். அந்தச் சொல்லை அவர் காது கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டது.

"வேண்டாம். போங்க."

படகு திரும்பியது. அரங்கள் நிற்கவில்லை.