மேனேஜரின் அரை மாத்திரை

ஆஸ்பத்திரி மருந்தகத்தில் அவளைச் 'செக்கிங் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருடமாக மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள். சீட்டை ஒருமுறை படிப்பாள், அட்டையை எடுப்பாள், மறுபடி சீட்டைப் படிப்பாள், உறையில் எழுதுவாள், எழுதியதை வாய்விட்டு வாசித்துக் காட்டுவாள். வரிசையில் நிற்பவர்கள் பல்லைக் கடிப்பார்கள். அதற்கெல்லாம் அசரமாட்டாள். அப்படிப்பட்டவளைப் பார்த்து ஒரு பூனை டாக்டர், "மாத்திரையை ரெண்டு மடங்கு குடுக்குறீங்களா?" என்று கேட்டுவிட்டார்.

பூனையின் பெயர் மேனேஜர். ஒன்பது வருடத்துக்கு முன் ஒருநாள் சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. அடுப்பு, அலமாரி, கட்டில் என்று ஒவ்வொன்றாகப் பார்வையிட்டது. கடைசியில் அவள் கணவரின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. "யாரு இது, புது மேனேஜரா?" என்று அவர் கேட்க, பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. வரும்போதே நன்றாக வளர்ந்த கடுவன். இப்போது வயது பதினான்கோ பதினைந்தோ, யாருக்குத் தெரியும்?

நான்கு மாதத்துக்கு முன் அது இளைக்க ஆரம்பித்தது. சாப்பாட்டுக்குப் பறக்கும், எவ்வளவு தின்றாலும் முதுகெலும்பு கையில் குத்தும். டாக்டர் கழுத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கிறது, காலையில் அரை மாத்திரை, சாயங்காலம் அரை மாத்திரை, ஆயுசு முழுக்க என்றார். அக்காவுக்கு உள்ளூர ஒரு நிம்மதி. மாத்திரை விஷயம்தானே, அவளுக்குத் தெரியாததா? பூனையைத் துண்டில் சுற்றி, மடியில் இறுக்கி, வாயோரத்தில் விரலை வைத்து அழுத்தினால் வாய் திறக்கும். அடிநாக்கில் போட்டுத் தொண்டையைத் தடவிவிட்டால் விழுங்கிவிடும். அவள் கணவர் கார் சீட் உறை தைப்பவர். அவர் அந்தப் பக்கமே வரமாட்டார். "என் விரலு எனக்கு வேணும்மா. அதை வெச்சுத்தான் பொழப்பு ஓடுது" என்பார்.

முதல் மாதம் நன்றாகத்தான் போனது. பிறகு ஏதோ கோளாறு. மேனேஜர் சுவரைப் பார்த்து உட்கார ஆரம்பித்தது. தொட்டால் உடம்பு சில்லென்று இருந்தது. தின்றதைக் கக்கியது. கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு, வழி கேட்பதுபோல நீளமாகக் கத்தியது. ஆனால் அவள் வேலைக்குக் கிளம்பும் நேரம் ஜன்னல் வழியாக இறங்கிப் போவது மட்டும் நிற்கவில்லை. பின்சுவரில் வெயில் காயத்தான் போகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் டாக்டர் மறுபடி ரத்தம் எடுத்தார். இந்தத் தடவை இடது முன்னங்காலில், கொஞ்சம் முடியை மழித்துவிட்டு.

"தைராய்டு தரையில கிடக்கு. இவ்வளவு இறங்கணும்னா ரெண்டு மடங்கு உள்ள போயிருக்கணும். முழு மாத்திரையா குடுத்துட்டீங்களா?"

"இல்ல டாக்டர். நான் மருந்தகத்துல வேலை பாக்குறேன்."

"அதனால என்ன? மறந்துபோய் இன்னொரு தடவை குடுத்திருக்கலாம். எல்லார் வீட்டுலயும் நடக்குறதுதான்."

வீட்டுக்கு வந்ததும் மாத்திரைகளை மேஜையில் கொட்டி எண்ணினாள். வாங்கியது எத்தனை, கொடுத்த நாள் எத்தனை, மீதி எத்தனை. எல்லாம் சரியாக இருந்தது. மறுபடி எண்ணினாள், அப்போதும் சரி. அப்படியானால் வேறு மாத்திரையா? பகல் முழுவதும் அவள் நிற்கும் இடத்தில், அவள் கைக்கு எட்டும் அலமாரியில், இதே மாத்திரை அட்டை அட்டையாக இருக்கிறது. அதில் ஒன்றைக் கை எடுத்து, பையில் போட்டு, பூனைக்கும் கொடுத்துவிட்டு, மனசு அதை மறந்திருந்தால்?

இந்தப் பயம் திடீரென்று முளைத்ததில்லை. அவள் அம்மா டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர். நூற்றுக்கணக்கான எண்கள் நுனிநாக்கில் நிற்கும். அறுபது தாண்டியதும், சாப்பிட்டு முடித்துக் கைகழுவிய ஈரத்தோடு, "இன்னும் சாப்பாடு போடலையே" என்று கேட்க ஆரம்பித்தார். கடைசி இரண்டு வருடம் அவளையே யாரோ நர்ஸ் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அக்காவுக்கு இப்போது ஐம்பத்தைந்து.

"ஏங்க, நீங்க ஏதாவது குடுத்தீங்களா?" என்று கணவரைக் கேட்டாள்.

"நானா? அது என்னைப் பார்த்தா நாற்காலியை விட்டு எழுந்திரிக்கக்கூடச் சொல்லுது. மாத்திரையா வாங்கிக்கும்?"

டாக்டர், பதினைந்து நாள் மாத்திரையை அடியோடு நிறுத்துங்கள், அளவு மேலே ஏறும், பிறகு புதிதாக ஆரம்பிக்கலாம் என்றிருந்தார். அக்கா மாத்திரை டப்பாவைக் கணவரிடமே கொடுத்து, தன் கண்ணில் படாமல் வைக்கச் சொன்னாள். அவர் தையல் மெஷின் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

பதினைந்து நாளில் மேனேஜர் தெளிந்துவிட்டது. கக்கவில்லை. கத்தவும் இல்லை. மூன்றாம் முறை ரத்தம் எடுத்த டாக்டர் கம்ப்யூட்டர் திரையில் எண்ணை மறுபடி மறுபடி சரிபார்த்தார்.

"அளவு கச்சிதமா இருக்கு."

"நல்லதுதானே டாக்டர்?"

"நல்லது இல்லம்மா. மாத்திரை இல்லாம கச்சிதமா இருக்கவே கூடாது. இது தானா ஆறுற நோய் கிடையாது. யாரோ குடுத்துட்டுதான் இருக்கீங்க." அவர் பூனையின் வலது முன்னங்காலைத் தூக்கினார். "ஆமா, இங்க யாரு மழிச்சது? நான் எடுத்தது இடது கால்ல. வேற டாக்டர்கிட்ட போனீங்களா?"

அங்கே ஒரு விரற்கடை அளவுக்கு முடி குட்டையாக, பாதி வளர்ந்து நின்றது. தினமும் துண்டில் சுற்றியவள்தானே, இதை எப்படிப் பார்க்காமல் விட்டாள்? அக்காவுக்குக் கண்ணைக் கட்டிவிட்டதுபோல இருந்தது. 'போனேனா? கூடையைத் தூக்கிக்கொண்டு, பஸ் ஏறி, வேறு ஒரு டாக்டர் முன்னால் இப்படியே உட்கார்ந்தேனா?' யோசிக்க யோசிக்க, அப்படி உட்கார்ந்தது போலவே ஒரு காட்சிகூட மனதில் வந்தது. அது நினைவா கற்பனையா என்று பிரிக்கத் தெரியவில்லை.

மறுநாள் அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே நரம்பு டாக்டரிடம் போய் நின்றாள். அவர் கடிகாரம் வரையச் சொன்னார், ஐந்து வார்த்தை சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். அவள் இரண்டு வரைக்கும் இறங்கிவிட்டு, சரிதானா என்று மறுபடி மேலேறிப் பார்த்தாள். டாக்டர் சிரித்தார்.

"உங்களுக்கு ஒண்ணும் இல்ல. போய் வேலையைப் பாருங்க."

"அப்ப மாத்திரை குடுத்தது யாரு சார்?"

"எந்த மாத்திரை?" என்றார் அவர்.

அவளுக்கு அது பதிலாகப் படவில்லை. ஒன்றும் இல்லை என்பவர் சொல்வது உண்மையா, மழித்த கால் சொல்வது உண்மையா?

அன்று சாயங்காலம் கணவர் ஒரு சீட் உறையின் ஓரத்தை மடித்துக்கொண்டே சொன்னார். "நீ குடுக்கல. டப்பா சாவி என் இடுப்புல. அப்ப அது எங்கயோ போய் வாங்கிட்டு வருது."

"விளையாடாதீங்க. நம்மளையே கடிக்குது. வேற யாரு வாயைத் திறந்து போடுவாங்க?"

"நான் விளையாடல. ஒருநாள் லீவு போட்டுட்டு அது பின்னாலயே போய்ப் பாரேன்."

இருபத்தாறு வருடத்தில் பூனைக்காக லீவு கேட்டது அதுதான் முதல் தடவை. காய்ச்சல் என்று சொன்னாள். ஒன்பது மணிக்கு மேனேஜர் ஜன்னல் விளிம்பில் ஏறி, முன்கால் இரண்டையும் ஊன்றி, கிழவர் படியிறங்குவதுபோல இறங்கியது. பின்சுவர் ஓரமாக நடந்தது. நடுவில் உட்கார்ந்து மூச்சு வாங்கியது. அக்காவும் நின்றாள். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, இடிந்த சுவரின் இடைவெளியில் புகுந்து, பின்தெரு வீட்டின் பின்வாசலுக்குப் போய் ஒரே ஒரு தடவை குரல் கொடுத்தது.

கதவு உடனே திறந்தது. பெரிய மீசை வைத்த ஒருவர் வெளியே வந்து முக்காலியில் உட்கார்ந்தார். கையில் துண்டு.

"வாடா மாப்பிள்ளை. லேட்டு இன்னிக்கு."

அவள் கண்ணெதிரே அவர் பூனையைத் துண்டில் சுற்றினார், வாயோரத்தில் விரலை வைத்து அழுத்தினார், மாத்திரையைப் போட்டார், தொண்டையைத் தடவினார். மேனேஜர் கடிக்கவில்லை. அவர் பின்னால் இளம்பெண் ஒருத்தி நோட்டும் பேனாவுமாக நின்றாள்.

"மாமா, ஒன்பதரைக்கு ஒண்ணு, எழுதிட்டேன். இன்னும் கொஞ்ச நேரத்துல மறந்துட்டு மறுபடி குடுத்துடாதீங்க."

"இல்லம்மா" என்றார் அவர். திட்டு வாங்கிய பள்ளிக்கூடப் பையனின் குரலில்.

அக்காவுக்கு முதலில் வந்தது கோபம். அடுத்த நொடியே அந்தக் கோபம் எங்கே போனது என்று அவளுக்கே தெரியவில்லை. இடைவெளியில் புகுந்து போய் முன்னால் நின்றாள்.

"சார், அது எங்க வீட்டுப் பூனை. நானும் மாத்திரை குடுக்குறேன்."

மீசைக்காரர் அவளைப் பார்த்தார், பூனையைப் பார்த்தார். "பத்து வருஷமா வருதுங்களே" என்றார். அவர் பொய் சொல்பவராகத் தெரியவில்லை. பத்து என்றால் அவள் வீட்டுக்கு வருவதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே. ஒன்பது வருடமாக இரண்டாம் வீடாக இருந்திருக்கிறாள், தெரியாமல்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். காலை அரை, மாலை அரை, தரையில் கிடந்த அளவு, நிறுத்திய பிறகும் கச்சிதமாக நின்ற அளவு. சொல்லச் சொல்ல அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. மருமகளின் கை எழுதுவதை நிறுத்திவிட்டது.

"எங்க டாக்டரும் கால்ல ரத்தம் எடுத்துட்டு அதையேதான் சொன்னாரு" என்றார். "நீங்க மறந்துட்டு ரெண்டு தடவை குடுக்குறீங்கன்னு. நான் ஸ்கூல் பஸ் ஓட்டுறவன்மா. நாப்பது குழந்தைங்க ஏறுது. மாத்திரை குடுத்ததே ஞாபகம் இல்லாதவன், நாளைக்கு ஒரு குழந்தையை இறக்க மறந்துட்டா? நானே போய் சாவியைக் குடுத்துட்டு வந்துட்டேன். அஞ்சு வாரம் ஆச்சு." கொஞ்சம் நிறுத்தி, "அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டார்.

"எனக்கும் ஒண்ணும் இல்லையாம்" என்றாள் அக்கா. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அது பூனை முடி ஒட்டிய துண்டு. அடுத்தடுத்துத் தும்மினார். மருமகள் நோட்டை மூடி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "மாமா, நான் வேணும்னு..." என்று ஆரம்பித்து, முடிக்க முடியாமல் உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு எல்லாம் தெளிவாகிவிட்டது என்று சொல்ல ஆசைதான். மாத்திரை விஷயம் மட்டும் தெளிவானது. ஒரே டாக்டர், ஒரே சீட்டு. காலை அரை அவள் பொறுப்பு, மாலை அரை அவர் பொறுப்பு. ஆனால் அடுத்த பரிசோதனையில் வேறொன்று வெளிவந்தது. சிறுநீரகம் பாதிக்குமேல் கெட்டிருந்தது. இவ்வளவு நாளும் தைராய்டின் வேகம் அதை மறைத்துக்கொண்டிருந்ததாம். இனி ஒருநாள் விட்டு ஒருநாள் தோலுக்கு அடியில் ஊசி வழியாகத் தண்ணீர் ஏற்ற வேண்டும். ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும், ஒருவர் ஊசி போட வேண்டும்.

"இன்னும் எத்தனை நாள் இருக்கும் டாக்டர்?" என்று டிரைவர் கேட்டார்.

"ஆறு மாசமா இருக்கலாம், ரெண்டு வருஷமா இருக்கலாம். அது கையில இருக்கு."

அக்கா ஊசி போட்டாள். டிரைவர் பிடித்துக்கொண்டார். முதல் நாள் மேனேஜர் பயத்தில் தலையை அவர் அக்குளில் செருகியது. அக்காவுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. அடுத்த முறை அவள் பக்கம் வந்து முழங்கையில் முகத்தைத் தேய்த்தது. அன்று அவர் மீசையை நீவிக்கொண்டிருந்தார். அவளால் அதைப் பார்த்து முழுதாகச் சந்தோஷப்படவும் முடியவில்லை. அதை மேனேஜர் என்று கூப்பிட்டால் திரும்பியது, மாப்பிள்ளை என்று கூப்பிட்டாலும் திரும்பியது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் எந்தப் பக்கமும் திரும்பாமல் பாதத்தை நக்கிக்கொண்டது.

பஸ் கம்பெனியில் அவர் இடத்தில் வேறு ஆள் போட்டுவிட்டார்கள். மாலை வண்டி மட்டும் கொடுத்தார்கள். அதற்கே அவர் மூன்று நாள் தயங்கினார். "ஒண்ணும் இல்லன்னு தெரியுது. ஆனா தெரிஞ்சது உள்ள இறங்க மாட்டேங்குது" என்றார். ஏறிய பிறகும், கடைசிக் குழந்தையை இறக்கிவிட்டு ஒவ்வொரு சீட்டாகக் குனிந்து பார்க்கிறாராம், ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. அது சரியான பழக்கமா, மிச்சமிருக்கும் பயமா என்று அவருக்கே தெரியவில்லை. அக்காவுக்கும் தெரியவில்லை. அவளும் இப்போதெல்லாம் வீட்டைப் பூட்டிவிட்டு, பூட்டினோமா என்று படியில் நிற்கிறாள்.

இரண்டு மாதம் கழித்து எடை பார்க்கப் போனார்கள். நூற்றைம்பது கிராம் கூடியிருந்தது. மாத்திரையாலா, ஊசித் தண்ணீராலா, இரண்டு வீட்டிலும் விடாமல் சாப்பிடுவதாலா என்று அக்கா கேட்டாள். "கூடியிருக்கு. ஏன்னு இப்பக் கேக்காதீங்க" என்றார் டாக்டர்.

டிரைவர் கூடையைத் தூக்கிக்கொண்டார். வெளியே வந்ததும் இருவரும் நின்றுவிட்டார்கள். இடதுபக்கம் போனால் அவர் தெரு, வலதுபக்கம் போனால் அவள் தெரு.

"எங்க வீட்டுக்கா, உங்க வீட்டுக்கா?" என்றார்.

"எனக்குப் பத்து மணிக்கு டியூட்டி அண்ணா."

"எனக்கு மூணு மணிக்குத்தான் வண்டி."

"அப்ப உங்க வீட்டுக்கே போகட்டும். காலை அரை நான் குடுத்தாச்சு."

"குடுத்தீங்களா? நிச்சயமா?"

அக்கா ஒரு நிமிடம் யோசித்தாள். "குடுத்தேன்" என்றாள்.