நட்சத்திரத்தின் தழைச்சத்து

மூன்று வருடமாக நான் ஒரே நட்சத்திரத்தின் சாவைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். சாகும்போது அது ஊதித் தள்ளிய வாயு, நெபுலாவாக ஒளிர்கிறது. அந்த ஒளியைப் பிரித்தால் நிறம் நிறமாகக் கோடுகள். உள்ளே என்னென்ன இருக்கிறதென்று அவை சொல்லும். கணினியில் நான் கட்டிய மாதிரி நெபுலாவும் அதே கோடுகளைத் தர வேண்டும். சனியன், தரவில்லை. சிவப்புக் கோடுகள் ஒத்துப்போயின; நீலப் பக்கம் முழுக்க உதைத்தது. திங்கட்கிழமைக்குள் சரியாகாவிட்டால் ஆய்வேட்டிலிருந்து அந்த அத்தியாயத்தையே தூக்கிவிடச் சொல்லிவிட்டார் பேராசிரியர்.

"மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காராத. வயலுக்கு வா, குந்தவை" என்றார் என் கணவர் பிரபு. பூதலூரில் எங்களுக்கு மூன்று ஏக்கர் சம்பா. யூரியா போடுமுன் அவர் இலை வண்ண அட்டையை எடுத்துக்கொள்வார். பயிரின் இலையை அட்டையிலுள்ள பச்சைகளோடு வைத்துப் பார்த்தால், தழைச்சத்து போதுமா என்று தெரிந்துவிடும். வெயில் பட்டால் நிறம் ஏமாற்றும் என்பதால் முதுகால் மறைத்து நின்று பார்ப்பார்.

உதவுகிறேன் பேர்வழி என்று நான் குடையையும் விரித்துப் பிடித்தேன்.

"அதான் நான் மறைச்சுக்கிட்டு நிக்கிறேன்ல? அதுக்கு மேல குடை எதுக்கு?" என்று கத்தினார்.

எனக்குச் சுரீரென்றது. வழியிலுள்ள விண்தூசி நெபுலாவின் நீல ஒளியைத்தான் அதிகம் விழுங்கும். விழுங்கியதைக் கணக்கில் திரும்பச் சேர்க்க வேண்டும். சேர்த்திருந்தேன். ஆனால் தரவு கொடுத்தவர்களே முன்னதாகச் சேர்த்திருந்தால்?

குடையை வரப்பிலேயே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். தரவுக் கோப்பின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது: தூசிக்குத் திருத்தப்பட்டது. மூன்று வருடமாக என் கண்ணில் படவில்லை!

என் திருத்தத்தை நீக்கி ஓடவிட்டேன். கோடுகள் ஒவ்வொன்றாக வந்து பொருந்தின. எத்தனையோ ஆயிரம் ஒளியாண்டுக்கு அப்பால், யாருமே போக முடியாத இடத்தில் என்ன இருக்கிறதென்று பூதலூரில் உட்கார்ந்து தெரிந்துகொண்டுவிட்டேன். அழுகை வந்துவிட்டது.

சேற்றுக் காலோடு, கையில் குடையோடு பிரபு வந்து நின்றார். "என்ன இருக்காம் அதுல?"

"நைட்ரஜன். சூரியன்ல இருக்கிறத விட மூணு மடங்கு. உங்க தழைச்சத்துதாங்க. உலகத்துல இருக்கிற தழைச்சத்துல பெரும்பகுதி இந்த மாதிரி நட்சத்திரங்க செத்துச் செத்து வந்ததுதான்."

அவர் சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து அதிலிருந்த பச்சைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இலை வெளிறித்தான் இருக்கு. இன்னைக்கே போடணும்" என்றார் மெதுவாக.

வாளியைப் பிடித்துக்கொண்டு நானும் கூடப் போனேன். வழக்கமாக யூரியாவில் கால்வாசியை வரப்பில் சிந்துகிற மனிதர், அன்று ஒரு மணிகூடச் சிந்தவில்லை.