கடைசி நான்கு எண்கள்

லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டால் மெக்கானிக் உடனே மோட்டாரில் கை வைக்கமாட்டார். மின்சாரம் எதுவரை வந்திருக்கிறது என்று மெயின் ஸ்விட்சிலிருந்து ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போவார். எந்த இடத்தில் சோதனை விளக்கு எரியவில்லையோ, அதற்குச் சற்று முன்னால்தான் கோளாறு இருக்கும்.

மனைவியின் வரிப்பணத்தையும் அவர் அப்படித்தான் துரத்தினார். அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். முழுச் சம்பளத்துக்குக் கணக்குப் போட்டு மாதாமாதம் வரி பிடித்தார்கள். நடுவில் அவள் அரைநாள் வேலைக்கு மாறினாள், வருமானம் இறங்கிவிட்டது. அதிகமாகப் பிடித்ததை அரசாங்கம் திருப்பித் தரவேண்டும். அதை நம்பித்தான் அவர் சொந்தப் பட்டறைக்கு ஓர் இடம் பேசி வைத்திருந்தார். வார முடிவுக்குள் முன்பணம் வராவிட்டால் வேறு ஆளுக்கு விட்டுவிடுவதாக இடத்துக்காரர் சொல்லிவிட்டார்.

வரி அலுவலகத்துக்குப் போன் போட்டார். பணம் ஒப்புதலாகிவிட்டது. வங்கியும் அனுப்பிவிட்டது. கணக்கு எண் தப்பாக இருந்தால் பணம் திரும்பி வந்திருக்கும், அதுவும் இல்லை. அப்படியானால் யாரோ வாங்கி வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கின் கடைசி நான்கு எண்களை மட்டும் போனில் பேசிய பெண் படித்தாள். அவர்கள் வீட்டுக் கணக்கு அது இல்லை.

வரிக் கணக்கைத் தாக்கல் செய்தது மனைவியின் தம்பி. தணிக்கையாளர் ஆபீசில் வேலை. போனில் கேட்டபோதெல்லாம், "பார்த்துட்டுச் சொல்றேன் அத்தான்" என்று இழுத்தவன்.

அவன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. மனைவியை அழைத்துக்கொண்டு நேராக ஆபீசுக்கே போய்விட்டார். ஃபைல் கட்டுகளுக்கு நடுவில் இருந்த மச்சான் எழுந்து நாற்காலி போட்டான்.

"கணக்கு யாருது மச்சான்?"

"உக்காருங்க அத்தான், வெயில்ல வந்திருக்கீங்க."

"நான் வெயிலைப் பத்திக் கேக்கல."

மச்சான் அக்காவைப் பார்த்தான். அக்கா பிரிண்டரைப் பார்த்தாள். அந்தப் பார்வையையும் மெக்கானிக் விடவில்லை. கூட்டுக் களவாணியா இவள்?

"முழு நம்பரைச் சொல்லு. ஒத்த ரூபா அனுப்பப் போறேன். அனுப்புறதுக்கு முன்னாடியே செல்லுல யார் பேருன்னு காட்டிடும்."

"விடுங்களேன், நாலு பேர் பார்க்கிறாங்க" என்றாள் மனைவி.

"தம்பின்னா மட்டும் உனக்கு எங்கேர்ந்துதான் வக்காலத்து வருதோ!"

மச்சான் பெருமூச்சு விட்டுக் கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினான். அவர் ஒவ்வொரு எண்ணாகப் பார்த்துப் பார்த்துச் செல்போனில் அடித்தார். சின்ன வட்டம் சுற்றியது. பெயர் வந்தது.

மனைவியின் பெயர்.

விளக்கு எரிந்துவிட்டது. எரிந்தது அவர் நினைக்காத அறையில்.

"எப்போலேர்ந்து?" என்றார்.

"உங்க சிநேகிதன் கடனுக்கு நீங்க ஜாமீன் போட்டு, வங்கிக்காரன் நம்ம சேமிப்பை வழிச்சு எடுத்துட்டுப் போனானே, அதுக்கு அடுத்த மாசம்."

மச்சான் தலையைச் சொறிந்தான். "அந்தக் கணக்கை நான்தான் ஆரம்பிச்சுக் குடுத்தேன். அக்கா பணம்னாலே அங்கதானேன்னு இதையும் அதுலயே போட்டுட்டேன். உங்ககிட்ட எப்படிச் சொல்றது அத்தான்?"

"பணம் வந்தது உனக்குத் தெரியும்" என்றார் மனைவியிடம். "தெரிஞ்சே 'இன்னும் வரல'ன்னு சொன்னே."

"எடுத்துக் குடுத்தா எங்கேர்ந்துன்னு கேப்பீங்க. சொன்னா மறுநாளே எவனாவது ஒருத்தனுக்கு ஆபத்து வந்திடும். நீங்க பேனாவைத் திறந்துடுவீங்க."

அவருக்குக் கோபம் வந்தது. ஆனால் எந்த இடத்தில் மறுத்துப் பேசுவது என்று ஒவ்வொரு கட்டமாகத் தேடிப் பார்த்ததில், ஓர் இடமும் சிக்கவில்லை.

"அதுல எவ்வளவு இருக்கு?"

"அதைச் சொல்லமாட்டேன். முன்பணத்தைக் கட்டுறேன், இன்னிக்கே. ஒப்பந்தம் என் பேர்ல."

"பட்டறை என்னோடதுடீ!"

"வேலை உங்களோடது. கையெழுத்து என்னோடது."

மச்சான் ஒரு ஃபைலைத் திறந்து முகத்தை அதற்குள் விட்டுக்கொண்டான். மெக்கானிக் மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை. அவர் செல்போனை எடுத்து இடத்துக்காரரைக் கூப்பிட்டார்.

"பணம் ரெடி. ஆனா ஒப்பந்தத்தை வீட்டம்மா பேர்ல எழுதுங்க."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள்.

"இல்ல, வரியை மிச்சம் பிடிக்கிறதுக்கெல்லாம் இல்லீங்க" என்றார் அவர். "அவங்கதான் முதலாளி. எனக்கே இப்பத்தான் தெரியும்."