காலை எடுக்காதீங்க, டாடி

ஞாயிற்றுக்கிழமை காலை, பூசைக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில், ஷெர்லி பார்க்கிங்கில் நின்ற காரின் முன்சக்கரங்கள் இரண்டையும் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தாள். அம்மா கமலா தனியாக ஆட்டோ பிடித்துக் கோயிலுக்குப் போய்விட்டார். போகும்போது, "பூசையை விட்டுட்டு கார் அடியில படுத்துக் கிடக்கிறவளை மாதாதான் காப்பாத்தணும்" என்று மாடிப்படி முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் போனார். மாதா காப்பாற்றுவது இருக்கட்டும், முதலில் பிரேக் பிடிக்கட்டும் என்று ஷெர்லி நினைத்துக்கொண்டாள்.

செகந்திராபாத்தை ஒட்டிய அல்வாலில் இருந்த அந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அவர்கள் வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வீட்டுக் கடன் ஷெர்லியின் பேரில். கார், அதுவும் யாரோ ஓட்டித் தள்ளிய பழைய கார், அப்பா ஆரோக்கியசாமியின் பேரில். அவர் பேரில்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் அவள். செகந்திராபாத்தில் ஒரு பெரிய அதிகாரிக்கு முப்பது வருஷம் கார் ஓட்டிய மனிதர் அவர். சொந்தமாக ஒரு ஸ்டியரிங்கைக்கூட வைத்திருந்ததில்லை.

இந்த வேலையை அவளே எடுத்துச் செய்வதற்குக் காரணம் மெயின் ரோட்டில் இருந்த ஒரு கேரேஜ்காரன். பிரேக் பெடல் ஆழமாக இறங்குகிறது என்று அவனிடம் வண்டியைக் கொண்டுபோனாள். என்ன கோளாறு என்று கேட்டதற்கு, "கைக்கு டென்ஷன் மேடம், உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்? வீட்டுல ஆம்பளை, பையா யாராவது இருந்தா அனுப்புங்க, அவர்கிட்ட சொல்றேன்" என்றான்.

"பையா கிய்யா யாரும் இல்ல. என்கிட்டயே சொல்லு."

"உங்களுக்குப் புரியாது மேடம்."

ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில், கண்ணுக்கே தெரியாத கலப்படத்தைக் கண்டுபிடித்து ஒரு தொட்டி மருந்தையே திருப்பி அனுப்புகிறவளுக்குப் புரியாதாம். சாவியைப் பிடுங்கிக்கொண்டு வண்டியை மெதுவாக ஓட்டி வீடு சேர்த்தாள். அப்புறம் ராத்திரியெல்லாம் வீடியோ பார்த்தாள். ஜாக்கி வாங்கினாள், ஸ்டாண்டு வாங்கினாள், ஸ்பானர் வாங்கினாள். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால், முன்பக்கத்து பிரேக்குக்கு எண்ணெய் போகிற ரப்பர் ஹோஸ் இரண்டும் வெடிப்பு விட்டு எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது. அவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்ல அவனுக்குப் பையா வேண்டியிருந்தது.

புது ஹோஸ் மாட்டியாகிவிட்டது. இனி உள்ளே புகுந்த காற்றை எடுக்க வேண்டும். அது ஒருவரால் ஆகிற வேலை இல்லை. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் கீழே படுத்து, சக்கரம் இருந்த இடத்துக்குப் பின்னால் உள்ள சின்னத் திருகைத் தளர்த்த வேண்டும். எண்ணெயும் காற்றுமாக, திருகில் மாட்டிய குழாய் வழியே கீழே வைத்த பாட்டிலுக்குள் குமிழ் விட்டு இறங்கும். திருகை மறுபடி இறுக்கிய பிறகுதான் மேலே இருப்பவர் காலை எடுக்கலாம். முன்னாலேயே எடுத்துவிட்டால் வெளியே போன காற்று அப்படியே உள்ளே ஏறிவிடும், செய்த வேலையெல்லாம் பாழ். விடிந்தால் முதல் ஷிப்டு. வண்டி இன்றைக்கு நின்றாக வேண்டும், அதாவது மிதித்த இடத்தில் நின்றாக வேண்டும்.

அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

"மிதிங்க டாடி. ம்... பிடிங்க. எடுக்காதீங்க."

"பிடிச்சுட்டுதான் இருக்கேன். கை பூரா மசியா?"

"கை இருந்தா மசி ஆகும்."

"எம்.எஸ்ஸி. படிக்க வெச்சது இதுக்கா? நான் ஓட்டினேன், துடைச்சேன். உனக்கு ரெண்டும் நக்கோ, வேண்டாம்னுதானே படிக்க வெச்சேன்? மேல இருந்து நாலு பேர் பாக்கறாங்கம்மா."

"பாக்கட்டும். டிக்கெட்டு இல்ல."

இடது பக்கம் முடிந்தது. வலது பக்கமும் முடிகிற நேரம். பாட்டிலுக்குள் குமிழ்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து, சுத்தமான எண்ணெய் மட்டும் வர ஆரம்பித்திருந்தது. ஷெர்லி கடைசி முறையாகத் திருகைத் தளர்த்தினாள். "பிடிங்க" என்றாள்.

அப்போது அவள் கண்ணுக்கு எதிரே இரண்டு வெள்ளைக் காலணிகள் வந்து நின்றன.

"ஏமய்யா, எவரி காரு இதி? மீ ஓனர்னி பிலுவு."

யாருடைய வண்டி, உன் ஓனரைக் கூப்பிடு என்று தெலுங்கில் அதட்டியவர் ராஜகோபால், குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். அவர் கேட்டதில்கூட ஷெர்லி அவ்வளவு திடுக்கிடவில்லை. அதற்கு அடுத்து நடந்ததில்தான் திடுக்கிட்டாள். மேலே கதவு திறந்தது. வண்டி ஆடியது. பாட்டில் கவிழ்ந்து எண்ணெய் தரையில் ஓடியது. வெளியே துள்ளி விழுந்த குழாயின் வாய் 'சர்'ரென்று காற்றை இழுத்துக்கொண்டது.

அப்பா இறங்கி நின்றுவிட்டார். சும்மா நிற்கவில்லை, கதவை ஒரு கையால் பிடித்தபடி, இன்னொரு கையை வயிற்றோடு ஒட்டி, லேசாகத் தலையைத் தாழ்த்தி நின்றார். அதிகாரி வரும்போது முப்பது வருஷமாக நின்ற மாதிரியே நின்றார்.

ஷெர்லி அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தாள். நெற்றியில் எண்ணெய், கையில் ஸ்பானர். ராஜகோபால் ஒரு அடி பின்வாங்கினார்.

"ஓ... நானூத்தி மூணு மேடமா? நீங்க தமிழ்தானே, நானும் தமிழ்தான் மேடம். சாரி, நான் யாரோ டிரைவர்னு..."

"சாரியை ஏன் என்கிட்ட சொல்றீங்க? அவர்கிட்ட சொல்லுங்க. ஓனர் வேணும்னீங்களே, அவர்தான் ஓனர். ஆர்.சி.யில அவர் பேருதான் இருக்கு."

"இல்ல மேடம், பாக்கறதுக்கு..."

"பாக்கறதுக்கு எப்படி இருந்தாரு?"

ராஜகோபால் தூணில் இருந்த பலகையைக் காட்டினார். "அதெல்லாம் விடுங்க. போர்டு இருக்கில்ல? பார்க்கிங்ல ரிப்பேர் வேலை கூடாது. ரூல்."

ஷெர்லி பலகையைச் சத்தமாக வாசித்தாள். "டிரைவர்களும் வேலைக்காரர்களும் இங்கே வண்டி கழுவவோ பழுது பார்க்கவோ கூடாது." வாசித்துவிட்டுத் திரும்பினாள். "இதுல ஓனர் எங்க இருக்காரு சார்?"

"ஓனர் யாரு மேடம் இந்த வேலையெல்லாம் செய்யப் போறாங்க? அதனாலதான் எழுதல."

"நான் செய்யறேன். அடுத்த தடவை எழுதும்போது நினைப்பு வெச்சுக்கோங்க."

"இது டீசன்ட் ஃபேமிலிஸ் இருக்கிற இடம். வண்டியை உடனே வெளிய எடுங்க. இல்லேன்னா வீல் லாக் போடச் சொல்லுவேன்."

"பிரேக் இல்லாத வண்டியை எடுத்தா நேரா உங்க கார்லதான் போய் நிக்கும். எடுக்கட்டுமா?"

அவர் வாட்ச்மேனைத் தேடிக்கொண்டு போனார்.

ஷெர்லி அப்பாவின் பக்கம் திரும்பினாள். அவர் இன்னும் கதவைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருந்தார்.

"ஏன் டாடி எழுந்தீங்க?"

"தெரியலம்மா. கால் தானா இறங்கிடுச்சு."

"எடுக்காதீங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்?"

"விடு. யாராவது மெக்கானிக்கைக் கூப்பிடு. வந்த இடத்துல இப்படியா? மானம் போகுது."

"நான் கீழ படுத்ததுல ஒரு மானமும் போகல. நீங்க எழுந்து நின்னீங்க பாருங்க, அதுலதான் போச்சு."

சொன்ன உடனே அவளுக்கே அது கன்னத்தில் அறைந்த மாதிரி கேட்டது. ஆனாலும் திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. நிஜத்தைத்தானே சொன்னாள்? பள்ளிக்கூடத்தில், வங்கியில், ஆஸ்பத்திரி வரிசையில், எங்கே போனாலும் அவர் இப்படித்தான் நின்றார். அவளுடைய பட்டமளிப்பு விழாவில்கூட, பின்வரிசையில் நாற்காலி காலியாக இருக்க, சுவரோரம் நின்றபடிதான் கைதட்டினார். அன்றைக்குச் சொல்லாமல் விழுங்கியது இன்றைக்கு வந்துவிட்டது. வரட்டும்.

ஆரோக்கியசாமி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு லிஃப்ட் பக்கமாக நடந்தார்.

போகட்டும் என்று நினைத்தாள். தரையில் கொட்டிய எண்ணெயின் மேல் மணலைப் போட்டாள். பானெட்டைத் திறந்து பிரேக் எண்ணெய் டப்பாவை நிரப்பினாள். பாட்டிலை நிமிர்த்தி, குழாயின் நுனியை மறுபடி எண்ணெய்க்குள் மூழ்கவிட்டாள். திருகையும் இறுக்கினாள். ஒரு கட்டையை வைத்து பெடலை அழுத்திப் பார்க்கலாமா என்று யோசித்தாள். அது வேலைக்கு ஆகாது, அவளுக்கே தெரியும். கால் வேண்டும். மிதிப்பதையும் பிடிப்பதையும் விடுவதையும் சொன்னபடி கேட்கிற ஒரு மனிதக் கால். கோபத்தில் கண் எரிந்தது. எண்ணெய்க் கையால் கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை.

லிஃப்ட் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அதன் கதவு திறந்தது, யாரும் ஏறாமலே மூடிக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் கார்க் கதவு சாத்துகிற சத்தம்.

"எத்தனை தடவை மிதிக்கணும்?" என்றார் உள்ளேயிருந்து. குரலில் இன்னும் கோபம் இருந்தது.

"முதல்ல இருந்து. நான் சொல்ற வரைக்கும்."

"சொல்லு."

மிதித்தார், பிடித்தார், விட்டார். குமிழ்கள் கொத்துக் கொத்தாக வந்தன. டப்பாவில் எண்ணெய் குறைய, அவள் எழுந்து ஊற்றிவிட்டு மறுபடி படுத்தாள். குமிழ் அடங்குகிற மாதிரி இருந்தபோது வெள்ளைக் காலணிகள் திரும்பி வந்தன. இந்த முறை பக்கத்தில் வாட்ச்மேன் பூர்ணாவின் ரப்பர் செருப்பும், அவன் தரையில் இழுத்து வந்த இரும்புப் பூட்டும்.

"லாக் போடு பூர்ணா" என்றார் ராஜகோபால்.

பூர்ணா குனிந்து பார்த்தான். இந்தப் பக்கம் போய்ப் பார்த்தான், அந்தப் பக்கம் போய்ப் பார்த்தான். "சார், லாக் வேயடானிகி வீலே லேது கதா!" என்றான்.

சக்கரமே இல்லாத இடத்தில் பூட்டை எங்கே மாட்டுவது? ஷெர்லிக்குக் கீழே படுத்தபடியே சிரிப்பு வந்தது. பின்சக்கரத்தில் போடு என்றார் ராஜகோபால். அங்கே முன்னும் பின்னும் செங்கல் முட்டுக் கொடுத்திருந்தது. செங்கல்லை எடுத்தால் வண்டி ஸ்டாண்டிலிருந்து சரிந்து அடியில் படுத்திருக்கிற அம்மா மேலே விழும், நான் எடுக்க மாட்டேன் சார் என்று பூர்ணா பூட்டைத் தரையில் வைத்துவிட்டு நகர்ந்து நின்றுகொண்டான்.

ராஜகோபால் ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு டிரைவர் சீட்டு ஜன்னல் பக்கம் போனார். ஷெர்லி அப்போதுதான் திருகைத் தளர்த்தியிருந்தாள். எண்ணெய் நூல் மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது.

"சார்" என்றார் ராஜகோபால். இப்போது தமிழ், இப்போது மரியாதை. "பெரியவர் நீங்க சொன்னா மேடம் கேப்பாங்க. கொஞ்சம் இறங்கி வாங்க சார், அப்படி ஓரமா நின்னு பேசுவோம்."

அதட்டலுக்கே இறங்கியவர் அப்பா. 'சார்' என்று கூப்பிட்டால்? அவளுக்குத் தெரிந்து, அப்பாவை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. பாட்டிலை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டாள். கத்தலாம் என்று வாய் வரை வந்தது. கத்தவில்லை. இதை அவள் சொல்லி அவர் செய்தால் அதில் என்ன இருக்கிறது?

மேலே இருக்கை கிரீச்சிட்டது. வண்டி லேசாக அசைந்தது. பாட்டிலில் எண்ணெய் மட்டம் தளும்பி நின்றது.

"இறங்க முடியாது" என்றார் ஆரோக்கியசாமி.

"இல்ல சார், ரெண்டே நிமிஷம்..."

"கால் பிரேக்குல இருக்கு. எடுத்தா என் பொண்ணு பண்ணின வேலை வீணாப் போயிடும். பேசணும்னா குனிஞ்சு பேசுங்க."

வெள்ளைக் காலணிகளின் குதிகால்கள் தரையிலிருந்து மெல்ல எழும்பின. ராஜகோபால் முழங்காலில் கை ஊன்றி ஜன்னலுக்குள் குனிந்துகொண்டிருந்தார்.

"கமிட்டியில கேப்பாங்க சார்..."

"கேக்கட்டும். ஓனரே ரிப்பேர் பண்ணாரு, என் கண்ணால பாத்தேன்னு சொல்லுங்க. ஓனர் பேரு ஆரோக்கியசாமி. பேரையும் எழுதிக்கோங்க."

ஷெர்லி திருகை இறுக்கினாள். "இப்ப எடுக்கலாம் டாடி."

"நீ நல்லா இறுக்கினியா? பாத்துச் சொல்லு. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. சார் குனிஞ்சுதானே நிக்கிறாரு."