ஏப்ரல் மாதத் தாள்

முதலிடம் வந்ததற்காக நகராட்சியில் பச்சை கேக் வெட்டினார்கள். எந்த அலுவலகம் அரசுத் தாள்களை ஒளிக்காமல் காட்டுகிறது என்று வடக்கு ஸ்வீடன் முழுக்க மதிப்பெண் போட்டதில் எங்களுக்கு நூற்றுக்கு நூறு. பெருமை மைலிஸுக்குத்தான் என்று எல்லோரும் என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள். பதிவறை என் பொறுப்பு. வந்து கேட்பவரிடம் பெயர் கேட்கக் கூடாது, எதற்கு என்றும் கேட்கக் கூடாது, தாளை எடுத்துக் கொடுக்க வேண்டும். சோதிக்க வந்தவரும் யாரோ போல வந்து, ஏப்ரல் மாதக் கிணற்று நீர்ப் பரிசோதனை முடிவைக் கேட்டார். பத்தே நிமிடத்தில் கொடுத்தேன்.

அந்தத் தாளின் நான்காவது வரி என் பக்கத்து வீட்டு குன்வோரின் கிணறு. ஆர்செனிக் நஞ்சு, அனுமதித்த அளவைப் போல மூன்று மடங்கு. கிணற்றுக்காரர்களுக்குக் கடிதம் எழுத வேண்டிய அதிகாரி நீண்ட விடுப்பில் இருந்தார். கடிதம் என் வேலையில்லை. எண் போட்டு, யாரும் பார்க்கும்படி அடுக்கினேன். முதல் வாரமே வேலிக்கு இந்தப் பக்கம் நின்று சொல்லியிருக்கலாம். இரண்டாம் வாரம், ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்பாளே என்று பயம். அப்படியே ஆகஸ்ட் வந்துவிட்டது. நினைத்தால் கூசுகிறது.

மிச்சக் கேக்கை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். மடியில் ஆறு மாதப் பேத்தி டூவா.

"ரெண்டு வாரம் இவ என்கிட்டதான். உக்காரு, இன்னிக்காவது ஒரு வாய் காபி குடி," என்று கெட்டிலில் கொதித்த தண்ணீரில் காபி கலந்து ஊற்றினாள். பிறகு அதே கெட்டில் தண்ணீரைப் பால் புட்டியில் ஊற்றி, பால்மாவைப் போட்டுக் குலுக்கினாள்.

"குடுக்காத குன்வோர்!"

எல்லாவற்றையும் சொன்னேன். புட்டியை மேசைமேல் வைத்தாள்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"ஏப்ரல்ல. ஆனா தாள் அங்கதான் இருந்துச்சு. யாரு வேணா வந்து பாக்கலாம்."

"அப்போ நான் வந்து கேட்டிருக்கணும். அப்படித்தானே?"

குழந்தை புட்டிக்குக் கை நீட்டி அழுதது. குன்வோரின் பார்வை என் கோப்பைக்குப் போனது.

"வயித்துக்கு ஆகல, வயித்துக்கு ஆகலன்னு வசந்தத்துலேர்ந்து எங்க வீட்டு காபிய நீ தொடவே இல்லயே, மைலிஸ்."

எழுந்து போய்ப் புட்டியைத் தொட்டியில் கவிழ்த்தாள். கெட்டிலையும் கவிழ்த்தாள். என் கோப்பையைக் கொட்டவில்லை. ஆவி பறக்க அதை மெதுவாக நகர்த்தி என் முன்னால் வைத்தாள்.