அக்கா குடிக்கிற பவுடர்

முழுகாமல் இருப்பதாகச் சொன்னால் மற்றப் புருஷன்மார் மாங்காய் வாங்கி வருவார்கள். சஞ்சீவனியின் புருஷன் சுதேஷ் வீடியோ எடுத்தான்.

கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அவர்களுக்கு ஒரு கடை. ஜிம்முக்குப் போகிறவர்கள் வாங்கும் பவுடரும் மாத்திரையும் டின் டின்னாக அடுக்கியிருக்கும். அதில் உடற்பயிற்சிக்கு முன்னால் குடிக்கிற சிவப்புப் பவுடர் ஒன்றைக் கலக்கி அவள் கையில் கொடுத்து, "அம்மாவாகப் போறவங்களும் குடிக்கலாம், எல்லாம் இயற்கை" என்று பேச வைத்தான். வாந்திக்கு நடுவில் அவளும் சொல்லித் தொலைத்தாள்.

நாலு நாள் குடித்ததில் நெஞ்சு படபடத்தது. கிளினிக்கில் டாக்டரிடம் டின்னைக் காட்டினாள். அதில் கஃபீன் அளவுக்கு மீறி இருக்கிறது, அதிலுள்ள மூலிகைகள் வயிற்றுப் பிள்ளைக்கு என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது, உடனே நிறுத்துங்கள் என்றார் அவர். அவள் நிறுத்திவிட்டாள். சுதேஷ் இணையத்தில் போட்ட வீடியோ மட்டும் நிற்கவில்லை.

"அதை அழிச்சிருங்கன்னு எத்தனை தரங்க சொல்றது?"

"நல்லாப் போய்க்கிட்டிருக்கு சஞ்சீ. இந்த மாசம் முடியட்டும்."

"டாக்டர் சொன்னது காதுல விழலயா?"

"டாக்டர்மார் எல்லாத்தையும்தான் வேணாம்பாங்க. நீயும்தான் குடிச்ச, ஒனக்கு என்ன ஆச்சு?"

இந்த மனுஷனோடு பேசுவதற்குச் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் என்றிருந்தது அவளுக்கு. மாதமும் முடிந்தது. அடுத்த மாதமும் பிறந்தது.

ஒரு காலையில் புசல்லாவையிலிருந்து ஒரு பெண் கடைக்கு வந்தாள். வீரம்மா என்று பெயர் சொன்னாள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். வயிறு நன்றாகத் தெரிந்தது. சஞ்சீவனியைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

"வீடியோவுல வந்த அக்காதானே! நீங்க குடிக்கிறதையேதான் நானும் குடிக்கிறேன். டின் முடிஞ்சிருச்சு, இன்னொண்ணு குடுங்க. வேலையில அசதியே தெரியல. நெஞ்சு மட்டும் திக்கு திக்குன்னு அடிச்சுக்குது. ஒங்களுக்கும் அப்பிடித்தானேக்கா?"

சுதேஷ் அதற்குள் புது டின்னை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தான். சஞ்சீவனி அதைப் பிடுங்கிக் கீழே வைத்தாள். ஆத்திரம் அவன்மேல் மட்டும் இல்லை.

"நான் இதைக் குடிக்கிறதில்ல தங்கச்சி. டாக்டர் எப்பவோ நிப்பாட்டச் சொல்லிட்டாரு. வீடியோவுல நான் சொன்னது பொய்."

"சஞ்சீ!" என்று பல்லைக் கடித்தான் சுதேஷ்.

வீரம்மாவின் சிரிப்பு போய்விட்டது. கை தானாக வயிற்றுக்குப் போனது. விற்கிறவனுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ, அவன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதில்ல?"

சுதேஷ் டின்னை எடுத்து மறுபடி தட்டில் வைத்தான். சஞ்சீவனி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் தலை நிமிரவில்லை.

"எங்களுக்குத் தெரியாதும்மா" என்றாள் அவளே. "வாங்க, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

வாசலில் நின்ற த்ரீவீலரைக் கைதட்டிக் கூப்பிட்டாள். வீரம்மாவை ஏற்றிவிட்டுப் புருஷனிடம் திரும்பினாள்.

"நீங்களும் ஏறுங்க. இந்தத் தங்கச்சிக்கு என்ன குடுத்தீங்கன்னு டாக்டர்கிட்ட நீங்கதான் சொல்லணும். இதே மாதிரி இன்னும் எத்தனை பேரு குடிக்கிறாங்கன்னு அவரு கேட்டா, அதையும் நீங்களே சொல்லுங்க."