வெறும் வயிற்றோடு போனவர்

கை போனவன் கையைக் காட்டலாம். கண் போனவனை யாராவது பிடித்துக் கூட்டி வந்தால் போதும், வேறு சாட்சி வேண்டாம். இளையதம்பிக்கு வந்த வருத்தமோ வயிற்றுக்குள் கிடந்தது. அதை எப்படி எடுத்துக் காட்டுவது? அது தன்னைக் காட்டுகிற நேரத்தில் மனுசன் புதர்ப் பற்றைக்குள் ஓடி ஒளிந்திருப்பார்.

ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்துக்குப் பிறகு பிடித்த கழிச்சல் அது. பரந்தன் பக்கத்துக் குடியேற்றத்தில் அந்த மாதம் எல்லா வீட்டுக்கும் வந்தது, எல்லா வீட்டையும் விட்டுப் போனது, இவரை மட்டும் விடவில்லை. நாட்டு மருந்து கொடுக்கிற பரியாரியார் கிராணி என்றார். ஆஸ்பத்திரியில் குடற்புண் என்றார்கள். பெயர் எதுவானால் என்ன, ஒரு நாளைக்குப் பத்துத் தரம், பன்னிரண்டு தரம், சீதமும் இரத்தமுமாய்ப் போகும். நாலு வருடத்தில் ஆள் பாதியாகிவிட்டார்.

அல்வாயிலிருந்து வந்து, காட்டை வெட்டி வயலாக்கிய மனுசன். இப்போது மண்வெட்டியை நாலு தரம் ஓங்கினால் வரம்பிலே குந்திவிடுவார். கொத்துவது, நாற்று நடுவது, வாய்க்கால் மறிப்பது எல்லாம் மனைவி அன்னபாக்கியம்தான். ஆனால் வெளியே ஒரு நாளும் அவள் அதைச் சொன்னதில்லை. வயல் என்ன மாதிரி என்று யார் கேட்டாலும், இவர் விதைச்சிட்டார், இவர் தண்ணி மறிச்சிட்டார் என்றுதான் பதில் வரும். உள்ளங்கை முழுக்கக் காய்ப்போடு நின்று அவள் இப்படிச் சொல்வதைக் கேட்டு முன்வீட்டு இராசமலர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். சிரித்தால் சிரிக்கட்டும். கட்டின மனுசனை ஊர் முன்னால் ஒன்றுக்கும் உதவாதவர் ஆக்குவதற்கு அன்னபாக்கியத்துக்கு நாக்கு வராது.

அந்த வருடம் காலபோக விளைச்சல் பொய்த்தது. ஆஸ்பத்திரி டொக்டர் மூடி மறைக்காமல் சொல்லிவிட்டார். ஒரு வருடமாவது பாலும் முட்டையும் குழைந்த சோறும் மருந்தும் தவறாமல் கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆள் தப்பாது. பாலுக்கும் முட்டைக்கும் எங்கே போவது? வீட்டிலே இரண்டு பெண் பிள்ளைகளும் ஒரு கிழட்டு ஆடும்தான் இருந்தன.

பிச்சைச் சம்பளத்துக்கு எழுதச் சொன்னவர் ஊர்த் தலைவரான விதானையார். ஏலாதவர்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் கொடுக்கிற உதவிக்குச் சனம் வைத்த பெயர் அது. பெயரைப் பாருங்கள், கொடுக்கிற கையாலேயே கன்னத்தில் ஒன்று போடுகிற பெயர். இளையதம்பி இரண்டு கிழமை மாட்டேன் என்று நின்றார். அன்னபாக்கியம் சண்டை பிடிக்கவில்லை. பிள்ளைகள் இரண்டையும் அவருக்கு முன்னால் இருத்திவிட்டு வயலுக்குப் போனாள். திரும்பி வந்தபோது படிவத்தில் கையெழுத்து இருந்தது.

நாலு மாதம் கழித்து விசாரணைக்கு வரச் சொல்லி அரசாங்கக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. அங்கேதான் பிழை தொடங்கியது.

இளையதம்பிக்கு பஸ் என்றால் உயிர் போகிற பயம். இரண்டு வருடத்துக்கு முன் பெரியாஸ்பத்திரிக்குப் போகும் வழியில், சனம் நிறைந்த பஸ்ஸில், அவருக்கு அடக்க முடியாமல் போய்விட்டது. ஆனையிறவில் இறங்கி, உடுத்த வேட்டியோடு கடல் தண்ணீருக்குள் இடுப்பளவுக்கு நடந்து போய், வெயில் சாயும் வரை கரைக்கு வராமல் நின்றவர். அதற்குப் பிறகு எங்கே போவதானாலும் இரண்டு நாள் பட்டினி கிடந்துதான் பஸ் ஏறுவார். விசாரணைக்கும் அப்படியே செய்தார். இரண்டு நாளும் வெறும் தேயிலைச் சாயம். வயிறும் ஓய்ந்து கிடந்தது.

அன்னபாக்கியம் தன் பங்குக்குக் கலியாண வேட்டியை வெளுக்கக் கொடுத்து வாங்கினாள். முகம் வழிக்கச் சொல்லி, எண்ணெய் வைத்துத் தலை வாரி, திருநீறு பூசிவிட்டாள். அரசாங்கத்துக்கு முன்னால் அலங்கோலமாய்ப் போய் நிற்கலாமா? பெரிய மனுசரிடம் வெறுங்கையோடும் போக முடியாது. காணி கொடுத்த நாளில் கந்தோர்ப் பெரியவராய் இருந்த பழைய காரியாதிகாரிக்கு முதல் காய்த்த பூசணிக்காயைக் கொண்டுபோய்க் கொடுத்ததும், அவர் அதை மடியில் வைத்துத் தட்டிப் பார்த்துச் சிரித்ததும் அவளுக்கு நினைவிருந்தது. இந்த முறை அவளுடைய கொடி காய்ந்துபோயிருந்தது. இராசமலரிடம் ஒரு காயை இரந்து வாங்கினாள். நல்ல திரட்சியான காய்.

கந்தோரில் புதிய காரியாதிகாரி இருந்தார். இளம் ஆள், கண்ணாடி போட்டவர், கெட்டவரும் அல்ல. பக்கத்தில் ஒரு டொக்டர். மற்றப் பக்கம் எழுத்து வேலைக்கு ஒரு பெண்பிள்ளை. சுவரோரம் போட்ட நீள வாங்கு முழுக்கச் சனம். அன்னபாக்கியம் பூசணிக்காயை மேசையில் வைத்துவிட்டுக் கைகட்டி நின்றாள். காரியாதிகாரி காயைப் பார்த்தார், பிறகு வெள்ளை வேட்டியைப் பார்த்தார்.

"அம்மா, இது ஆற்றை தோட்டத்திலை காய்ச்சது?"

இரந்து வாங்கியதை வெகுமதியாய்க் கொடுத்தேன் என்று எந்த மனுசி சொல்வாள்? "எங்கட வளவிலைதான் ஐயா."

"ஆர் செய்யிறது?"

யோசிக்கவேயில்லை, பாவி மனுசி. நாலு வருடமாய்ச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் தானாய்த் திறந்தது. "இவர்தான் ஐயா செய்யிறவர்."

எழுதுகிற பெண்பிள்ளை அதை எழுதினாள். பேனாவின் கீறல் சத்தம் கேட்ட பிறகுதான் அன்னபாக்கியத்துக்குத் தான் செய்தது உறைத்தது. டொக்டர் வயிற்றை அமத்திப் பார்த்துவிட்டு, இன்றைக்கு எத்தனை தரம் வெளிக்குப் போனது என்று கேட்டார். இளையதம்பி பொய் பேசாதவர். இல்லை என்றார். நேற்று? நேற்றும் இல்லை. சாப்பிடாமல் கிடந்துதான் வந்தவர் என்று சொல்ல அன்னபாக்கியம் வாயெடுத்தாள். இளையதம்பி அவளுடைய முழங்கையைப் பிடித்து அமத்தினார். அந்தப் பெண்பிள்ளைக்கும் வாங்கில் இருந்த சனத்துக்கும் முன்னால் பஸ் கதை வரக்கூடாது. அவளும் வாயை மூடிக்கொண்டாள். காரியாதிகாரி பூசணிக்காயை மரியாதையாய்த் திருப்பிக் கொடுத்தார்.

மறுமாதம் பதில் வந்தது. ஆள் தோட்டம் செய்கிறார், உதவி தேவையில்லை. விதானையார் அதை வாசித்துவிட்டுத் தலையில் கைவைத்தார். பூசணிக்காயைக் காட்டிப் பிச்சைச் சம்பளம் கேட்ட ஆட்களைத் தன் பிறப்பில் கண்டதில்லை என்று ஏசினார். ஏசிவிட்டு, மறுபடி விசாரிக்கச் சொல்லித் தானே ஒரு மனு எழுதிக் கொடுத்தார். இதுவும் தவறினால் இனிக் கேட்க முடியாது என்றும் சொன்னார்.

இரண்டாம் விசாரணைக்கு முன் மூன்று மாதம் போனது. அதற்குள் இளையதம்பியின் கால்கள் வீங்கிவிட்டன. இந்த முறை எல்லா உண்மையையும் தானே சொல்வது என்று அன்னபாக்கியம் முடிவு கட்டியிருந்தாள். கொத்துகிறவள் நான், நடுகிறவள் நான், காய் இராசமலருடையது என்று அடுப்படியில் இருந்து சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். ஆனால் தாளில் ஏறிவிட்டதைப் பேச்சால் அழிக்க முடியுமா? யார் நம்புவார்கள்?

போகிற நாள் காலையில் இளையதம்பி குசினி வாசலில் வந்து நின்றார்.

"சோறு போடும்."

"இண்டைக்கோ?"

"இண்டைக்குத்தான். வடிவாப் போடும்."

அவர் எதை நினைத்துக் கேட்கிறார் என்பது அவளுக்கு அப்போதே விளங்கியது. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சோறும் பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் போட்டாள். அவர் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அப்பா இப்படிச் சாப்பிட்டதைக் கண்டு எத்தனையோ நாளான பிள்ளைகள் இரண்டும் பக்கத்தில் குந்தியிருந்து சந்தோசமாய்ப் பார்த்தன. அன்னபாக்கியம் அடுப்பை ஊதுகிற சாட்டில் அழுதாள்.

பஸ்ஸில் அவர் கம்பியைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டு வந்தார். கந்தோரில் இறங்கும்போது முகமெல்லாம் வியர்வை. பின்பக்கத்தில் கக்கூசு இருந்தது. அவள் அதைக் கையால் காட்டினாள். அவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டு வாங்கில் இருந்தார். அவர்களுக்கு முன்னால் ஒன்பது பேர். அந்த ஒன்பது பேரும் போய் முடிகிற வரைக்கும் அவர் எப்படி இருந்தார் என்பது கடவுளுக்குத்தான் தெரியும். அவருடைய விரல்கள் வாங்குப் பலகையைப் பிடித்து வெளுத்துப்போய்க் கிடந்ததை மட்டும் அவள் கண்டாள்.

பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து மேசைக்கு முன்னால் போய் நிமிர்ந்து நின்றார். பிறகு விட்டுவிட்டார்.

வாங்கில் இருந்த சனம் எழும்பி வாசலுக்கு ஓடியது. எழுதுகிற பெண்பிள்ளை காலைத் தூக்கிக்கொண்டாள். காரியாதிகாரி லேஞ்சியை எடுத்து மூக்கில் வைத்தார். டொக்டர் மட்டும் எழும்பிக் கிட்ட வந்து, குனிந்து, வேட்டியையும் நிலத்தையும் ஆறுதலாய்ப் பார்த்தார். அதில் பாதி இரத்தம்.

"எத்தினை நாளா இப்பிடி?"

"நாலு வருசம் ஐயா."

"போனமுறை ஏன் சொல்லேல்லை?"

இளையதம்பி வேட்டியைக் கையால் கூட்டிப் பிடித்தார். அன்னபாக்கியம் மூன்று மாதமாய்ப் பாடமாக்கிய ஒன்றையும் யாரும் அவளிடம் கேட்கவில்லை. டொக்டர் திரும்பி எழுதச் சொன்னார். காரியாதிகாரி லேஞ்சியை எடுக்காமலே கையெழுத்து வைத்தார்.

கந்தோருக்குப் பின்னால் கிணறு இருந்தது. அவள் துலாவில் அள்ளி அள்ளி ஊற்றினாள். அவர் சின்னப் பிள்ளை மாதிரிக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். அவளைப் பார்க்கவில்லை. ஈர வேட்டியோடு எந்த பஸ்ஸும் ஏற்றாது. வீடு வரைக்குமான ஐந்து மைலையும் இருந்து இருந்து நடந்தார்கள். வழியில் இரண்டு தரம் அவர் பற்றைக்குப் போனார். அவள் தெருவில் நின்று காவல் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் இளையதம்பி பாயில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். அன்னபாக்கியம் வேட்டியைக் கொடியில் விரித்துக்கொண்டு நின்றபோது, இராசமலர் வேலிப் பொட்டுக்குள்ளால் எட்டிப் பார்த்து, காரியம் சரிவந்ததா என்று கேட்டாள்.

"ஓம், சரிவந்திட்டுது," என்றாள் அன்னபாக்கியம். உள்ளே கிடக்கிறவருக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினாள். "இவர்தான் கதைச்சு எடுத்தவர்."

இராசமலர் கொடியில் கிடந்த வேட்டியைப் பார்த்தாள். இந்த முறை அவள் சிரிக்கவில்லை.